துறை கண்டவர் ஊர் கண்டனர் – டோபி காட் கூறும் வரலாறு



பரிசளிப்பு விழா மலரில் வரலாற்றுக் கட்டுரை என்றால் இராசராச சோழனையோ, கடாரம் கொண்டானையோ பற்றி எழுதுவது வழக்கம். அவர்களைப் பற்றி எழுதப் பலர் இருக்கிறார்கள். இந்த ஆண்டு நான் எழுத எடுத்துக்கொண்டது ஒரு சலவைத் துறையின் கதை. ஆம், அழுக்குத் துணி துவைத்த இடத்தின் கதைதான்! "இதுக்கும் ஒரு வரலாறா, வாத்தியாரே?" என்று சிலர் கேட்கக்கூடும். இருக்கிறது. பிறந்த மண்ணை விட்டு முன்பின் தெரியாத நாட்டுக்கு வந்து, அன்றாட வாழ்க்கையை ஒவ்வொரு செங்கல்லாக அடுக்கிக் கட்டிய நம்ம பாட்டன் பூட்டிகளின் வரலாறு அதற்குள் அடங்கிக் கிடக்கிறது.

ஜொகூர்ப் பாலத்தைத் தாண்டிச் சிங்கப்பூர் போய் வந்தவர்களுக்கு டோபி காட் என்ற பெயர் தெரியும். ஆர்ச்சர்ட் ரோடு தொடங்கும் முனையில், பூமிக்கு அடியில், மூன்று இரயில் பாதைகள் சந்திக்கும் பெரிய நிலையம் அது. 1987-ல் முதல் பாதையும், 2003-ல் இரண்டாவதும், 2010-ல் மூன்றாவதும் அங்கே திறக்கப்பட்டன. தினந்தோறும் ஆயிரமாயிரம் பேர் அங்கே இறங்கி ஏறுகிறார்கள். அந்தப் பெயருக்கு என்ன பொருள் என்று நின்று யோசிப்பவர் எத்தனை பேர்?

பெயருக்குள் ஒரு தொழில்

இந்தி மொழியில் 'டோபி' என்றால் துணி வெளுப்பவர். 'காட்' என்றால் நீருக்கு இறங்கும் படித்துறை. இரண்டையும் சேர்த்துத் தமிழில் சொன்னால் வண்ணான் துறை. அந்தக் காலத்துத் தமிழர்கள் இந்தியைத் தேடிப் போகவில்லை. அந்தப் பகுதியைத் தங்கள் வாயில் 'வண்ணான் தெரு' என்றே வழங்கினார்கள். சீன மொழியில் இந்த நிலையத்தின் பெயரை 'தோ மெய் கெ' என்று ஒலிக்கேற்ப எழுதுகிறார்கள். அந்த எழுத்துகளுக்குத் தனித்தனியே பொருள் பார்த்தால் மிகுதி, அழகு, பாட்டு என்று வருமாம். துணி துவைத்த துறை பாட்டுத் துறையாகிவிட்டது!

நம் நாட்டிலும் இந்தச் சொல் ஒளிந்துகொண்டிருக்கிறது. பட்டணத்தில் காசு போட்டுத் துணி துவைக்கும் கடைகளின் பலகையைப் பாருங்கள். மலாயில் 'டோபி' என்றுதான் எழுதியிருக்கும். 'கெடாய் டோபி' என்பதில் கெடாய் என்பது நம்முடைய கடை, டோபி என்பது வடக்கத்திச் சொல். கப்பல், பெட்டி, கட்டில் ஆகிய தமிழ்ச் சொற்களும் இப்படியே மலாய் மொழிக்குள் குடிபுகுந்தவை. மனிதர்கள் குடியேறும்போது அவர்களுடைய சொற்களும் கூடவே குடியேறுகின்றன என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா?

முதல் கேள்வி தண்ணீர்

புதிய நாட்டில் இறங்கியவனுக்கு முதல் கேள்வி தண்ணீர் எங்கே என்பதுதான். பிறகுதான் சோறு, கூரை, சாமி எல்லாம்.

1819-ஆம் ஆண்டு ஆங்கிலேயர் இராஃபிள்ஸ் சிங்கப்பூரில் கம்பெனிக் கொடியை நாட்டினார். அதே ஆண்டு மே மாதத்தில் அவர் இரண்டாம் முறை வந்தபோது பினாங்கிலிருந்து நாராயண பிள்ளை என்ற தமிழரும் உடன் வந்தார். அவர் செங்கல் சூளை போட்டார், துணிக்கடை வைத்தார். 1822-ல் கடை தீக்கிரையாயிற்று. கடனாளியாகி நின்றவர் ஊருக்குத் திரும்பவில்லை, மீண்டும் தொழிலில் இறங்கித் தலைநிமிர்ந்தார்.

அந்தப் பிள்ளையவர்கள் ஒரு கோயில் கட்ட இடம் கேட்டார். முதலில் கிடைத்த இடம் கடலோரத்துத் தெலுக் ஆயர் தெரு. அங்கே பூசைக்கு ஏற்ற நல்ல தண்ணீர் இல்லை. 1821-ல் ஓர் ஓடையருகே வேறு இடம் காட்டினார்கள். அந்த இடமும் நிலைக்கவில்லை. அடுத்த ஆண்டு ஆங்கிலேயர் நகரத் திட்டம் ஒன்று போட்டுத் தெருக்களைப் பிரித்தபோது அது ஒத்துவரவில்லை. கடைசியாக 1823-ல் சவுத் பிரிட்ஜ் ரோட்டில் இடம் கிடைத்தது. 1827-க்குள் மரமும் அத்தாப்பும் கொண்டு எளிய கோயில் எழும்பியது. இன்று கோபுரத்தோடு விளங்கும் மாரியம்மன் கோயில் அதுவே.

நடுவில் கைவிட்டுப்போன அந்த இடத்தின் ஓடை எது தெரியுமா? பிறகு ஸ்டாம்ஃபோர்டு கால்வாய் என்று பெயர் பெற்ற ஓடைதான். ஆர்ச்சர்ட் ரோட்டின் ஓரமாக ஓடி வந்து, பிராஸ் பாசா பக்கம் திரும்பிக் கடலில் கலந்தது. அந்த ஓடையின் மேற்பகுதியில்தான் சலவைத் தொழிலாளர்கள் தங்கள் துறையை அமைத்துக்கொண்டார்கள். சாமிக்குக் கிடைக்காத தண்ணீர் சலவைக்குக் கிடைத்தது!

கல்லும் கஞ்சியும்

சென்னை மாகாணத்திலிருந்தும் வங்காளத்திலிருந்தும் வந்தவர்கள் அந்தச் சலவைத் தொழிலாளர்கள். ஆண்களும் பெண்களும் ஓடை நீரில் இறங்கித் துணி துவைத்தார்கள். பக்கத்துப் புல்வெளியில் கொடி கட்டிக் காயப்போட்டார்கள். பிற்காலத்தில் ஒய்.எம்.சி.ஏ. கட்டடமும் அதன் பக்கத்துப் பூங்காவும் வந்த இடமே அந்தப் புல்வெளி.

ஊரில் இந்தத் தொழிலின் முறை எப்படி இருந்தது என்று நம்ம பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். உவர்மண் கலந்து ஊறப்போடுவது, வெள்ளாவி வைப்பது, கல்லில் அடிப்பது, கஞ்சி போடுவது, நீலம் போடுவது, கரிப்பெட்டியால் தேய்ப்பது என்று எத்தனை படிகள்! யார் வீட்டுத் துணி எது என்று தெரிய, சேங்கொட்டைச் சாற்றால் மூலையில் ஒரு குறி இடுவார்கள். எழுத்து வாசனை இல்லாதவர்கள் நூறு வீட்டுக் கணக்கை அந்தக் குறிகளிலேயே வைத்திருந்தார்கள். "பள்ளிக்கூடம் போகாதவனுக்கு என்னா தெரியும்?" என்று யாராவது கேட்டால் இதைச் சொல்லுங்கள்.

சிங்கப்பூருக்கு வந்தபோது கை பழகிய தொழில் ஒன்றுதான், ஆனால் சுற்றுப்புறம் வேறு. நம் ஊரில் கோடையில் மாதக்கணக்கில் மழை எட்டிப் பார்க்காது. இங்கேயோ வருடத்தில் மழை பெய்யாத மாதம் கிடையாது. காலையில் வெயில் சுள்ளென்று அடிக்கும், பிற்பகலில் வானம் கருத்துவிடும். காயப்போட்டவன் வானத்தைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். துவைக்க வந்த துணியும் வேட்டி சேலை மட்டுமல்ல. வெள்ளைக்காரர்களின் விறைப்பான வெள்ளைக் காற்சட்டை, மேசை விரிப்பு, படுக்கை விரிப்பு எல்லாம் வந்தன. வீடு வீடாக நடந்து மூட்டை எடுப்பார்கள், வெளுத்துத் தேய்த்து மடித்துத் திரும்பக் கொடுப்பார்கள்.

இன்னொரு பெரிய மாற்றமும் நேர்ந்தது. அதை நாம் கவனிக்க வேண்டும். கிராமத்தில் சலவைத் தொழிலாளிக்குக் கூலி என்று காசு கிடைப்பது அரிது. அறுவடைக்குக் களத்தில் கொஞ்சம் தானியம், அந்தி நேரத்தில் வீடு வீடாக வாங்கும் சோறு. பிறப்புக்கும் இறப்புக்கும் அவர் வந்தே ஆக வேண்டும், மாட்டேன் என்று சொல்ல முடியாது. இப்படி ஊருக்கு ஊழியம் செய்தவர்களைக் 'குடிமகன்' என்று அழைத்தார்கள். மரியாதைக்காக வைத்த பெயரல்ல அது. சிங்கப்பூரில் துணிக்குத் துணி காசு. ஒரு வீட்டுக்காரர் ஏசினால் அடுத்த வீட்டுக்குப் போகலாம். தொழில் அதேதான், ஆனால் கும்பிட்டு நின்ற கை இங்கே விலை பேசிற்று. புதிய நாடு எளிய மனிதனுக்குக் கொடுத்த முதல் பரிசு இதுவே எனலாம். ஆனால் எல்லாருக்கும் எல்லா இடத்திலும் இது கிடைத்துவிடவில்லை. நம்ம தோட்டங்களில் கங்காணியின் பற்றுச் சீட்டுக்குள் மாட்டிக்கொண்டவர்களுக்கு அந்தச் சுதந்திரம் வர நெடுநாள் ஆயிற்று. ஒப்பந்தக் கூலி முறை 1910-ல் ஒழிந்தது. கங்காணி ஆள் கட்டும் முறை 1938 வரை இருந்தது.

விலங்கு பூண்ட கைகள்

துறைக்குப் பக்கத்தில் நடந்த வேறொரு கதையையும் சொல்லிவிட வேண்டும். 1825-ஆம் ஆண்டு முதல் சிங்கப்பூருக்கு இந்தியக் கைதிகளைக் கொண்டு வந்தார்கள். பிராஸ் பாசா சாலையில் தங்களுக்கான சிறையைத் தாங்களே கட்டியவர்கள் அவர்கள். சாலை போட்டார்கள், சதுப்பைத் தூர்த்தார்கள், செங்கல் அறுத்தார்கள். புனித அந்திரேயர் ஆலயத்தின் வெண்மைச் சுவர் அவர்கள் பூசியது. சுண்ணாம்போடு முட்டை வெள்ளைக்கருவும் வெல்லமும் சேர்த்து, தேங்காய் மட்டை ஊறிய நீரால் குழைத்த சென்னைச் சாந்து அது. ஆளுநர் மாளிகையும் அவர்கள் உழைப்பால் எழுந்ததே. 1873-ல் அந்தச் சிறை முறை முடிவுக்கு வந்தபோது, விடுதலை பெற்ற பலர் இங்கேயே தங்கிவிட்டார்கள். ஊருக்குத் திரும்பினால் 'கைதி' என்பார்கள். இங்கே மேஸ்திரி, வண்டிக்காரர், பால்காரர் என்று ஒரு பெயர் கிடைத்தது. எந்த மண் ஒருவனுடைய பழைய பட்டத்தைக் கேட்காமல் அவன் கைத்தொழிலைக் கேட்கிறதோ, அந்த மண்ணில் அவன் வேர்விடுகிறான்.

ஒண்டிக்கட்டைகளின் ஊர்

டோபி காட்டிலிருந்து இரயிலில் அடுத்த நிலையம் லிட்டில் இந்தியா. நம்மவர்கள் வாயில் அது தேக்கா. மாட்டுத் தொழுவங்களும் சுண்ணாம்புக் காளவாய்களும் இருந்த இடம். அதனால் ஒரு பகுதிக்குச் 'சுண்ணாம்புக் கம்பம்' என்றே பெயர் இருந்தது. எருமைச் சாலை என்று பொருள்படும் பஃபலோ ரோடு இன்னும் இருக்கிறது. மாடு இருந்தால் பால் உண்டு. பால் இருக்கும் இடத்தில் வேலையும் இருக்கும், வேலையைத் தேடி ஆளும் வரும். ஆள் கூடிய பின் கடை வந்தது. சிராங்கூன் ரோட்டில் 1855-ல் பெருமாள் கோயில் எழுந்தது, பின்னர் வீரமாகாளியம்மன் கோயிலும் வந்தது. டோபி காட்டுக்கு மறுபக்கம் டேங்க் ரோட்டில் செட்டியார்கள் 1859-ல் தண்டாயுதபாணிக்குக் கோயில் எடுத்தார்கள். இன்றும் தைப்பூசத்தன்று பெருமாள் கோயிலில் புறப்படும் காவடிகள் டோபி காட்டைக் கடந்துதான் முருகனிடம் போய்ச் சேருகின்றன.

கோயிலும் கடையும் வந்தாலும் வீடு வந்துவிட்டதா? இல்லை. வந்தவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். 1931-ஆம் ஆண்டுக் குடிமதிப்பின்போதுகூடச் சிங்கப்பூரில் ஓர் இந்தியப் பெண்ணுக்கு ஏறக்குறைய ஐந்து இந்திய ஆண்கள் என்ற நிலை. ஓர் அறையில் பத்துப் பேர் படுப்பார்கள். ஒருவர் சமைப்பார், மற்றவர் பங்கு கொடுப்பார். சம்பளம் வாங்கியதும் மணியார்டர். எழுதத் தெரிந்தவரிடம் போய்க் கடிதம் சொல்லி எழுதுவார்கள். "நான் சுகம், உங்கள் சுகத்துக்குக் கடிதம் போடவும்" என்ற இரண்டு வரிக்குள் எத்தனை அழுகை அடங்கியிருந்ததோ! மூன்று வருடத்தில் திரும்புவேன் என்று சொல்லி வந்தவர் முப்பது வருடம் இருந்துவிட்டார். ஊரில் மனைவி கிழவியானாள், பிள்ளை தகப்பன் முகத்தைப் போட்டோவில் பார்த்தே வளர்ந்தான்.

இந்த நிலையிலிருந்து உழைப்பால் மேலேறியவர்களும் உண்டு. பி. கோவிந்தசாமி பிள்ளை 1905-ல் இளம் பிள்ளையாகச் சிங்கப்பூர் வந்து, சிராங்கூன் ரோட்டு மளிகைக் கடை ஒன்றில் சோற்றுக்கும் இடத்துக்குமாக வேலை செய்தவர். பின்னாளில் சொந்தக் கடை வைத்தார். பி.ஜி.பி. என்ற மூன்றெழுத்து அந்தத் தெருவெங்கும் பேசியது. கோயிலுக்கும் பொதுக் காரியங்களுக்கும் அள்ளிக் கொடுத்தார். 1947-ல் தொடங்கிய கோமள விலாஸ் போன்ற உணவுக் கடைகளில் ஒண்டிக்கட்டைகள் வாழையிலையில் சாப்பிட்டு, அம்மா கைச்சோற்றை ஒரு வேளைக்காவது நினைத்துக்கொண்டார்கள்.

நம்ம தோட்டத்து ஆட்களும் அந்த வழியே நடந்தவர்கள்தாம். 1923-ல் ஜொகூர்ப் பாலத்தின் மேல் இரயில் ஓடத் தொடங்கியது. 1932-ல் தஞ்சோங் பகார் நிலையம் திறக்கும் வரை சிங்கப்பூர்க் கடைசி நிலையம் டேங்க் ரோட்டில் இருந்தது. கித்தாக் காட்டிலிருந்து திருநாள் துணி எடுக்கவும், கப்பலேறும் உறவை வழியனுப்பவும், தைப்பூசம் பார்க்கவும் போனவர்கள் அங்கே இறங்கித் தேக்காவுக்குப் போகையில் வண்ணான் தெருவைத் தாண்டித்தான் போயிருப்பார்கள்.

புல்வெளி கண்ட போர்

1939-ல் டோபி காட் எதிரே கெத்தே கட்டடம் வானளாவ எழுந்தது. தென்கிழக்காசியாவிலேயே உயரமான கட்டடம் என்று பேசினார்கள். குளிரூட்டிய படக் கொட்டகை அதில் இருந்தது. மூன்றாண்டு ஆவதற்குள் சப்பானியர் வந்துவிட்டனர். ஒரு காலத்தில் வெள்ளைத் துணிகள் காற்றில் ஆடிய இடத்தில் எழுந்திருந்த பழைய ஒய்.எம்.சி.ஏ. கட்டடம் கெம்பெய்தாய் என்ற சப்பானிய இராணுவப் போலீசின் கையில் சிக்கியது. அங்கே எழுந்த அலறலை அக்கம்பக்கத்தார் மறக்கவில்லை. அந்தக் கட்டடம் 1981-ல் இடிக்கப்பட்டது.

எதிர்ப்புறம் வேறொரு குரல் எழுந்தது. 1943 அக்டோபர் 21-ஆம் நாள் கெத்தே கட்டடத்தில் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் சுதந்திர இந்தியத் தற்காலிக அரசை அறிவித்தார். அடுத்த நாளே, கூப்பிடு தூரத்து வாட்டர்லூ தெருவில் ஜான்சி ராணிப் படையின் பயிற்சி முகாம் திறக்கப்பட்டது. டாக்டர் லட்சுமி தலைமை தாங்கிய அந்தப் படையில் மலாயாத் தோட்டங்களிலிருந்து போன தமிழ்ப் பெண்கள் பலர். நேற்று வரை பால்வாளி தூக்கிய கை துப்பாக்கி தூக்கியது. அதே காலத்தில் நம்ம தோட்டங்களிலிருந்து பல்லாயிரக்கணக்கான ஆண்களைச் சயாம் – பர்மா மரண இரயில் பாதைக்குக் கொண்டுபோனார்கள். போனவர்களில் வராதவர்கள் எத்தனையோ. அவர்களுக்குக் கல்லறையும் இல்லை, பெயர்ப் பட்டியலும் இல்லை.

தங்குவது வேறு, குடியேறுவது வேறு

போர் ஓய்ந்தபின் ஒவ்வொரு தமிழன் முன்னும் ஒரு கேள்வி நின்றது. இந்த ஊரில் நாம் விருந்தாளியா, வீட்டுக்காரனா?

திருவாரூரில் பிறந்து 1924-ல் சிங்கப்பூர் வந்த கோ. சாரங்கபாணி அவர்கள் இந்தக் கேள்வியைத் தமிழர்களிடம் விடாமல் எழுப்பியவர். 'தமிழ் முரசு' நாளிதழை நடத்தியவர் அவர். 1952 முதல் தமிழர் திருநாளைக் கொண்டாடச் செய்தார். சிங்கப்பூரில் 1957-ல் குடியுரிமைச் சட்டம் வந்தது. எட்டு ஆண்டு அங்கே வாழ்ந்தவர்கள் விசுவாசப் பிரமாணம் செய்து பதிந்துகொள்ளலாம் என்றார்கள். பதிந்துகொள்ளுங்கள், இதுவே உங்கள் நாடு என்று அவர் தமிழர்களை வற்புறுத்தினார். கூலி வேலை செய்தவர்களுக்கு அது எளிதில் விளங்கவில்லை. "காகிதம் எதுக்கு? நாளைக்கு ஊருக்குப் போயிடுவோம்" என்றவர்கள் உண்டு. போகவும் இல்லை, பதியவும் இல்லை.

அந்தக் காகிதத்தின் விலை என்ன என்பதை நம்ம நாடு 1969-ல் கற்றுக்கொடுத்தது. குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட் வேண்டும் என்ற சட்டம் நடைமுறைக்கு வந்தபோது, தோட்டங்களில் பிறந்து வளர்ந்த பல்லாயிரம் பேர் மூட்டை கட்டினார்கள். நாகப்பட்டினத்துக்கும் சென்னைக்கும் போன 'ரஜுலா' கப்பலில், பார்த்தே இராத சொந்த ஊருக்குத் 'திரும்பி'ப் போனார்கள். சிவப்பு அடையாள அட்டையோடு இங்கேயே நின்றவர்கள் பிள்ளைகளின் படிப்புக்கும் வேலைக்கும் பட்ட பாட்டை நம்மில் பல குடும்பங்கள் அறியும். பதிவு இல்லாத பிறப்பு, பதிவு இல்லாத கலியாணம், இவை இரண்டும் பேரன் பேத்தி வரை துரத்திக்கொண்டு வரும்.

இலங்கை மலையகத் தமிழருக்கு நேர்ந்தது இதனினும் கொடிது. 1948-ஆம் ஆண்டுச் சட்டம் அவர்களை நாடற்றவர்கள் ஆக்கிற்று. 1964-ல் இரண்டு பிரதமர்கள் கையெழுத்திட்டு, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பங்கு பிரித்தார்கள். தேயிலைச் செடியைக் காடாக இருந்த மலையில் நட்டவர்களை இப்படி எண்ணிக்கையாக்கிவிட்டார்கள். மிச்சம் இருந்தவர்களுக்குக் குடியுரிமை முழுதாகக் கிடைக்க 2003 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

ஆகவே வரலாறு நமக்குச் சொல்வது இது. உழைப்பு மட்டும் ஒருவனை ஒரு நாட்டில் நிலைநிறுத்திவிடாது. தண்ணீர் கண்டு, தொழில் கண்டு, கோயில் எடுத்து, குடும்பம் சேர்த்து, பள்ளிக்கூடம் கட்டி, சட்டப்படி பெயரும் பதிந்த பிறகே குடியேற்றம் முழுமை பெறுகிறது. இவற்றில் ஒன்று குறைந்தாலும் அது தங்கல்தான். ஊரில் 'குடிமகன்' என்றால் ஊருக்கு ஊழியம் செய்பவன் என்று பொருள் இருந்ததை மேலே சொன்னேன். இன்று அதே சொல்லுக்கு நாட்டின் உரிமையாளன் என்று பொருள். அந்தப் பழைய பொருளிலிருந்து இந்தப் புதிய பொருளுக்கு நடந்து வந்ததுதான் நம் மக்களின் நூற்றைம்பது ஆண்டுப் பயணம்.

துறை மறைந்தது, பெயர் நின்றது

ஓடையைக் கால்வாயாக்கினார்கள், கால்வாயின் மேல் மூடி போட்டார்கள். குழாய்த் தண்ணீரும் இயந்திரச் சலவையும் வந்தன. துறை மெல்ல மெல்லக் காணாமற் போயிற்று. ஆனால் தண்ணீருக்கு ஞாபகம் உண்டு போலும். 2010 ஜூன் மாதம் பெருமழை கொட்டியபோது ஸ்டாம்ஃபோர்டு கால்வாய் தாங்காமல் ஆர்ச்சர்ட் ரோட்டில் வெள்ளம் புகுந்து, பளபளக்கும் கடைகளெல்லாம் நனைந்தன. பிறகு பெரிய தொட்டியும் மாற்றுக் கால்வாயும் வெட்டி 2018-ல் முடித்தார்கள். வண்ணான் துறைக்கு நீர் கொடுத்த ஓடை இன்னும் உயிரோடு இருக்கிறது.

பினாங்கிலும் டோபி காட் என்று ஓர் இடம் உண்டு. அங்கே தமிழ்க் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகச் சலவை செய்து வந்திருக்கின்றன. சென்னையில் வண்ணாரப்பேட்டை இருக்கிறது, கம்பெனிக்காரன் ஏற்றுமதித் துணியை வெளுக்க அமர்த்தியவர்களின் பேட்டை. மும்பையில் மகாலட்சுமி டோபி காட் இருக்கிறது. தொழிலாளியின் பெயரைத் தாங்கி நிற்கும் இடங்கள் இவை. சிங்கப்பூரில் ஆளுநர்களின் பெயரும் தளபதிகளின் பெயரும் பெற்ற சாலைகள் நிறைய. அவற்றின் நடுவே, துணி வெளுத்தவர்களின் தொழில் பெயர் நாட்டின் பெரிய இரயில் நிலையங்களில் ஒன்றின் நெற்றியில் இருக்கிறது. யாரும் வெட்கப்பட்டு அதை மாற்றவில்லை.

ஆனால் ஒரு குறை. தொழிலின் பெயர் நின்றது, தொழிலாளியின் பெயர் நிற்கவில்லை. அந்தத் துறையில் முதல் கல்லைப் போட்டவர் யார், எந்த ஊர்க்காரர், பெண்டாட்டி பிள்ளைகள் என்ன ஆனார்கள் என்று சொல்ல ஆளில்லை. செங்கல் சூளை போட்ட நாராயண பிள்ளையின் பெயர் நிற்கிறது. துணி துவைத்தவரின் பெயர் நீரோடு போயிற்று. எழுதி வைக்காதவன் வரலாறு இப்படித்தான் கரைந்து போகும்.

மாணவச் செல்வங்களுக்கு

தம்பி தங்கைகளே! வகுப்பில் "அப்பா என்ன வேலை?" என்று கேட்டால் தலையைக் குனிந்துகொண்டு மெதுவாகச் சொல்லும் பிள்ளைகளை நான் பார்க்கிறேன். மரம் வெட்டுகிறார், செம்பனைக் குலை தூக்குகிறார், புல் வெட்டுகிறார் என்று சொல்ல என்ன கூச்சம்? துணி வெளுத்தவரின் பெயரை ஒரு மாநகரம் தன் நடுநெஞ்சில் எழுதி வைத்திருக்கிறது. நிமிர்ந்து சொல்லுங்கள்.

பெற்றோர்களே! தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்பனையாகின்றன. லயங்கள் வீடமைப்புத் திட்டமாக மாறுகின்றன. நம் பிள்ளைகள் பட்டணத்துக்கும், பாலம் தாண்டிச் சிங்கப்பூருக்கும் வேலைக்குப் போகிறார்கள். விடியுமுன் மோட்டார் சைக்கிளில் கிளம்பி, இரவில் திரும்பும் அவர்களும் ஒருவகையில் புதிய நாட்டில் வாழ்க்கை அமைத்துக்கொள்பவர்களே. பிறப்புப் பத்திரம், அடையாள அட்டை, திருமணப் பதிவு ஆகியவற்றைப் பெட்டிக்கு அடியில் போட்டு மறந்துவிடாதீர்கள். பிள்ளை பிறந்தால் உடனே பதியுங்கள். நம் முன்னோர் கண்ணீர் விட்டுக் கற்ற பாடம் இது.

மாணவர்கள் அனைவருக்கும் ஒரு வேலை தருகிறேன். இந்த விடுமுறையில் உங்கள் தாத்தா, பாட்டி, அல்லது லயத்தில் மூத்தவர் ஒருவரிடம் போய் உட்காருங்கள். மூன்றே கேள்வி கேளுங்கள். உங்க அப்பா அம்மா எந்த ஊரிலிருந்து வந்தாங்க? முதல்ல எங்க தங்கினாங்க, தண்ணி எங்க எடுத்தாங்க? அவுங்க பேரு என்னா? பதிலை ஒரு நோட்டுப் புத்தகத்தில் தேதி போட்டு எழுதுங்கள். பெயரை மட்டும் விட்டுவிடாதீர்கள். பள்ளி திறந்ததும் என்னிடம் கொண்டு வாருங்கள். அடுத்த ஆண்டு மலரில் அச்சேற வேண்டிய வரலாறு உங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து வெற்றிலை மென்றுகொண்டிருக்கிறது.

வாழ்க தமிழ்! வளர்க நம் பள்ளி!